ஜெசிந்தாவின் கல்லுக்கு ஒரு ஜ

அக்டோபர் 12, சனி

காலையிலிருந்து மழை. கொடியில் போட்ட கைலி காயவில்லை. நனைந்தபடியே வகுப்பு.

பினாங்கு ஸ்ட்ரீட்டில் புடவைக் கடைக்கு மேலே மாடி அறை. நான், ஒரு லாரி டிரைவர், முடி வெட்டுகிற அம்மா ஒருவர். எல்லோருக்கும் ஒரே கோளாறு. எழுத்து நிற்காது, ஆடும். டிஸ்லெக்சியா என்று பெயராம். பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் மரமண்டை. புதுப் பெயர் பரவாயில்லை. விலை உயர்ந்த மருந்து மாதிரி இருக்கிறது.

சொல்லிக்கொடுப்பவள் மாலதி. அக்கரையில் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் லேபல் வரைகிற வேலை. சனிக்கிழமை ஃபெரி ஏறி வருவாள். எங்களைப் போன்றவர்களுக்காகத் தமிழ் எழுத்தையே புதிதாக வரைந்துகொண்டிருக்கிறாள். அடிப்பக்கம் கனம். எழுத்துக்கு எழுத்து தாராளமாக இடம். ள, ன, ண மூன்றும் ஒரே முகமாக இருக்காது. துணைக்காலும் ‘ர’வும் குழம்பாது. துறைமுகத்தில் மூட்டை அடுக்கும்போது கனமானதை அடியில் போடுவோம், சரியாது. அதே கணக்குதான்.

அவள் எழுத்தில் இருந்தால் படிப்பேன். எழுபத்திரண்டு வயதில் படிக்கிறேன்! மற்ற அச்சில் இன்னும் எல்லாம் முட்டி மோதிக்கொண்டுதான், ஃபெரி கதவு திறந்த மாதிரி.

இன்று படித்தவை: ரசம் வைப்பது எப்படி. மழை எச்சரிக்கை. ஒரு நகைச்சுவை, சிரிப்பு வரவில்லை. மறுபடி படித்தேன். படிக்க முடிந்ததே என்று சிரித்தேன்.

இந்த நோட்டிலும் அவள் எழுத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எழுதி முடிப்பதற்குள் மழை விட்டுவிட்டது.

அக்டோபர் 14, திங்கள்

மகள் ரோசலின் போன். தாசேக் கெலுகோரிலிருந்து. அவள் அம்மா ஜெசிந்தா போய், வருகிற ஜனவரியோடு ஒரு வருடம். குழி மண் இறங்கிவிட்டது, இனி கல் வைக்கலாம். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். அன்று ஃபாதர் ஒவ்வொரு குழியாகப் புனித நீர் தெளித்துக்கொண்டு வருவார். இப்போது இருப்பது மரச் சிலுவை. மழையில் பெயர் கரைந்துவிட்டது.

“இங்கிலீஷ்ல போட்ருவோம் லா அப்பா. என் பிள்ளைங்களுக்குத் தமிழ் தெரியாதில்ல.”

“உங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது.”

“அம்மாவா படிக்கப் போறாங்க?”

“நான் படிக்கப் போறேன்.”

“சரிப்பா,” என்றாள்.

பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கரண்டு பில், எல்லாம் ஜெசிந்தாதான் படித்துச் சொல்வாள். கோயிலில் பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் பிடித்து விரலை ஓட்டுவாள். நான் வாயசைப்பேன். “தாளம் தப்புது, வாயை மூடுங்க,” என்பாள், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல். இந்த வகுப்புக்கு முதல் நாள் என்னை இழுத்துக்கொண்டு வந்து விட்டதும் அவள்தான். நான் ஒரு முழு வாக்கியம் படிப்பதற்குள் ஆஸ்பத்திரி. வார்டில் மூக்கில் குழாய். அவளுக்குப் படித்துக் காட்ட மாலதி தந்த தாளும் கையில் இருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை.

கல்லில் அவள் பெயரை யாரும் படித்துச் சொல்லாமல் நானே படிக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

அக்டோபர் 19, சனி

வெயில். தீபாவளிக் கூட்டம். கடைவாசலில் முறுக்கு, மத்தாப்பு, பாட்டு, ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

மாலதியிடம் கேட்டேன். கல்லில் உன் எழுத்து வேண்டும் என்று. முதலில் சந்தோஷம். பிறகு முகம் மாறிவிட்டது.

“அங்கிள், இன்னும் ஜ வரையலையே. ஜ, ஸ, ஷ எல்லாம் கடைசியில பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.”

“எங்க ஆளுங்க பேர் பூரா அதுலதானேம்மா இருக்கு. ஜோசப்பு, ஜெயராணி, ஸ்டீபன். வேதக்காரன் எவனும் உன் எழுத்துல சாகவே முடியாது போல.”

லாரி டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். மாலதி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வரைந்தாள். எனக்கு ஜவும் ஐயும் இரட்டைப் பிள்ளைகள். அதனால் நாலு விதமாக ஜ வரைந்து அச்செடுத்துக் கொடுத்தாள். ஒன்று குப்புற விழுகிறது. ஒன்று ஐயாகவே மாறிவிடுகிறது. ஒன்று நின்றது, ஆனால் கோபமாக. நாலாவது வால் கனமாக, வளைவு நன்றாகத் திறந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஜெசிந்தா கீரை ஆய்வது அப்படித்தான்.

“இதான்மா.”

“உறுதியா?”

“இதான்.”

பெரிய தாளில், கல் அளவுக்கு, ஜெசிந்தாவின் பெயரை மட்டும் அச்செடுத்துத் தந்தாள். தேதி வரிகளைக் கல் வெட்டுகிறவருக்கே அனுப்பிவிடுவாளாம். வீட்டுச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். நடந்து போகும்போதெல்லாம் படித்தேன். காப்பி ஆறிவிட்டது.

அக்டோபர் 21, திங்கள்

தாளைக் கல் வெட்டுகிற ஆ செங்கிடம் கொடுத்தேன். சீனர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் ஊரில் பாதித் தமிழர் கல் அவர் வெட்டியது. தாளைக் கல்லில் ஒட்டி அச்சு மாறாமல் வெட்டுவார் என்று ரோசலின் சொன்னாள்.

நாங்கள் பேசிக்கொள்வது மலாயில்.

“மனைவியா?”

“ஆமாம்.”

“நல்லாப் பண்றேன். கவலைப்படாதே.”

என் கையில் மாவுத்தூள் போல் கல்தூள். துடைக்க மனம் வரவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

கல் தயார் என்று போன். ஓடினேன். நிஜமாகவே ஓடினேன், பஸ்ஸுக்கு.

கறுப்புக் கல். முகம் தெரிகிற பளபளப்பு. எழுத்தில் தங்கப் பூச்சு.

பார்த்தேன். எழுத்தெல்லாம் முட்டி மோதிக்கொண்டு.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கிட்டப் போய், தள்ளி நின்று. முதல் எழுத்து ஐயாகி ஜவாகி மறுபடி ஐயானது. மற்றவையெல்லாம் அதன் பின்னால் ஓடின.

ஆ செங்குக்கு ஒரே பெருமை. “அந்தத் தாளில் ஹுருஃப் எல்லாம் செங்கெட். அடி தடியா, மேலே ஒல்லியா, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. கம்ப்யூட்டர் பிள்ளைங்களுக்கு என்ன தெரியும்? எல்லாத்தையும் நான் நேர் பண்ணிட்டேன்.” ஹுருஃப் என்றால் எழுத்து, செங்கெட் என்றால் கோணல். சீன எழுத்து ஒவ்வொன்றும் ஒரே அளவு கட்டத்துக்குள் சமமாக நிற்க வேண்டுமாம். அவருடைய அப்பா தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது. அதேபோல் ஜெசிந்தாவின் எழுத்துக்கெல்லாம் கட்டம் போட்டு, ஒரே கனமாக்கி, இடைவெளியை இழுத்துச் சமமாக்கி வைத்திருக்கிறார். எத்தனை நாள் குனிந்து உட்கார்ந்தாரோ.

“எப்படி?” என்றார்.

“ரொம்ப அழகு,” என்றேன்.

வேறு என்ன சொல்வது. அழகுதான்.

அக்டோபர் 26, சனி

மாலதி விடவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னோடு வந்தாள். கல்லைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் விளக்கிச் சொன்னது ஆ செங்குக்குப் பிடிக்கவில்லை. “கோணலா வெட்டினா என் கடைக்குத்தான் கெட்ட பேர். யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.”

மாலதி என்னிடம் திரும்பினாள். “அங்கிள், தாளைப் படிங்க.” படித்தேன். கடகடவென்று. “இப்ப கல்லைப் படிங்க.” நின்றேன். வாய் திறந்து, மூடி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் நின்ற அதே நிற்பு.

ஆ செங் என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். தாளை எடுத்து எழுத்தின் தடித்த அடிகளை விரலால் தடவினார். சிகரெட்டைப் பற்ற வைக்காமலே வாயில் வைத்திருந்தார்.

“தேய்ச்சு எடுத்துட்டுப் புதுசா வெட்டறேன்,” என்றார். “ஆனா திருநாளுக்கு முடியாது. பாலிஷ் இருக்கு.”

அப்படியென்றால் திருநாளன்று குழியில் பெயரே இருக்காது. மரச் சிலுவையை அடித்தளம் போட வந்தவர்கள் போன வாரமே எடுத்துவிட்டார்கள்.

ரோசலினுக்குப் போன் செய்தேன்.

“எல்லாரும் படிக்கிற மாதிரிதானேப்பா இருக்கு? நீங்க ஒருத்தர் படிக்க முடியலைன்னு அம்மா பேரை அழிப்பீங்களா?”

“திரும்ப வெட்டுவாரும்மா.”

“அன்னிக்குத்தான் சொந்தக்காரங்க எல்லாம் வராங்க. அம்மா மட்டும் பேரில்லாம கெடக்கணுமா?”

போனை வைத்துவிட்டேன். கல் வெட்டுகிற இரைச்சலில் நின்று யோசித்தேன். பிறகு ஆ செங்கிடம் தேய்க்கச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பக்கத்து வீட்டிலிருந்து நெய் உருண்டை. நன்றாக இருந்தது. ரோசலின் போன் எடுக்கவில்லை.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். சாயங்காலம். தூறல்.

கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி, சாமந்தி, பிள்ளைகள் ஓட்டம். ஒவ்வொரு கல்லிலும் பெயர். எங்களுடையது வெறும் சிமெண்டு மேடை. ரோசலின் பூ வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. சொந்தக்காரர்கள் வேறு குழிகளுக்கு முன்னால் நின்றார்கள், இது எது என்று தெரியாமல். கூப்பிட்டு வர வேண்டியிருந்தது.

தண்ணீர் எடுக்கக் குழாய்க்குப் போனோம். திரும்பி வந்தால் யாரோ ஓர் அம்மா எங்கள் மேடையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

“யாரோ அநாதை போல இருக்கு அண்ணே, பேர்கூட இல்ல. எங்கிட்ட ஒண்ணு மிச்சம் இருந்துச்சு.”

நல்ல மனுஷி. நன்றி சொன்னேன். ரோசலின் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஃபாதர் வந்தார். “பேரு?” என்றார். ரோசலின்தான் சொன்னாள், சத்தமாக, நாலு குழி தள்ளிக் கேட்கிற மாதிரி.

ரோசலின் காரில் கொண்டுவந்து விட்டாள். இறங்கும்போது மட்டும், “மருந்து சாப்ட்டுட்டுப் படுங்க.”

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. அவளிடம் கேட்டிருக்கலாம். ஜெசிந்தாவைச் சொல்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

நல்ல வெயில். கல் வைத்தாயிற்று.

ஆ செங்கே லாரியில் வந்தார். ரோசலின் லீவு போட்டு வந்தாள், என் பக்கத்தில் நின்றாள். மாலதிக்கு வேலை. போட்டோ அனுப்பச் சொன்னாள்.

சாக்கை எடுத்தார்கள். தங்கப் பூச்சு வேண்டாம் என்று ஆ செங்கே முடிவு செய்து வெள்ளை அடித்திருக்கிறார். அடி கனம், இடைவெளி தாராளம், எல்லாம் தாளில் இருந்தபடி. “கோணலாவே வெட்டிட்டேன்,” என்றார். இன்னும் கொஞ்சம் வருத்தம் அவருக்கு.

ஜெ. சி. ந். தா. மேரி.

சத்தமாகப் படித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. ஆ செங் கை தட்டினார். ரோசலின் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சிரித்தேன், பல்செட் வெளியே வருகிற மாதிரி. இன்னொரு முறை படித்தேன். ஜ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அடுத்த வரி. பிறப்பு. தேதி. சரி.

அதற்கடுத்த வரி. எழுத்துக் கூட்டினேன். இ. ற. ப். பு.

டாக்டர் சொன்னார், ரோசலின் சொன்னாள், ஃபாதர் கோயிலில் எல்லோர் முன்னாலும் சொன்னார். நானும் தலையாட்டினேன். எல்லாம் பிறர் எனக்குப் படித்துச் சொன்னவை. இதை நான் படித்தேன்.

வேறு பக்கம் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்படியே இருந்தது. மாலதி நன்றாகத்தான் செய்திருக்கிறாள், ஓர் எழுத்துகூட அசையவில்லை. கொஞ்சம் ஆடினால்தான் என்ன என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.