தமயந்தியின் பழைய போன்

18 நவம்பர் 2025, செவ்வாய்

கீஸர் மறுபடியும் பழுது. ஆள் வியாழக்கிழமைதான் வருவானாம்.

மாலையில் தமயந்தியை டாக்டரிடம் அழைத்துப் போனேன். தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து பத்தொன்பது நாள் ஆகிறது. குரல் நாண் ஒன்று சரியாக அசையவில்லை, நரம்பு வீங்கியிருக்கலாம் என்றார். ஆறு மாதம் பார்க்கலாமாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். கொஞ்சம் பேசலாம், பாட்டு மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்றார். இவள் அந்தக் கொஞ்சத்தையும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். மகள் சஹானாவின் சின்ன வயசு எழுதுபலகையைப் பரணிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். பாதிப் பாட்டு பாடுவதைவிடப் பாடாமல் இருப்பது மேல் என்று நினைக்கிற ஜாதி அவள்.

பாட்டு வகுப்புக்கு வரும் ஒன்பது பேரையும் என்ன செய்வது என்று கேட்டேன். பலகையில் எழுதினாள்: "பழைய போன்ல அறுபத்துமூணு பாடம் இருக்கு. அதை எல்லாருக்கும் அனுப்பிடுங்க."

19 நவம்பர், புதன்

அனுப்ப முடியாது என்று தெரிந்துகொண்டேன்.

ஆறு வருஷமாக ஒரே செயலியில் பதிந்திருக்கிறாள். பின்னால் தம்பூரா ஓடும், முன்னால் இவள் பாடுவாள். அந்தக் கம்பெனி இரண்டு வருஷம் முன்பே மூடிவிட்டது. பகிர்வதற்கான பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாட்டுகள் போனுக்குள் ஓடுகின்றன, வெளியே வருவதில்லை. செயலி தன் கோப்புகளைத் தன் அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொள்கிறது. அந்த அறைக்குள் போக வேண்டுமானால் போனை ரூட் செய்ய வேண்டும். அதாவது, கம்பெனி தன் கையில் வைத்திருக்கும் முழு அதிகாரத்தையும் நாமே எடுத்துக்கொள்வது.

போனும் நல்ல நிலையில் இல்லை. திடீரென்று தானாக அணைகிறது. ஒரு நாள் திரும்ப எழாமலே போகலாம்.

20 நவம்பர், வியாழன்

கீஸர் ஆள் வரவில்லை.

ரூட் பற்றி மதிய இடைவேளையில் படித்தேன். முதலில் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். போனைப் போட்டதும் முதலில் ஓடும் நிரல் அது. அதற்குக் கம்பெனியிடம் கோரிக்கை வைத்து ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஏன் ஏழு நாள்? மனம் மாறுகிறதா என்று பார்க்கிறார்களோ என்னவோ.

நான் கல்கத்தாவில் ரயில்வே சிக்னல் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவன். ஓடுகிற லைனில் நேராகக் கை வைக்க மாட்டோம். முதலில் மாதிரிச் சுற்று, அதில் சோதனை, அப்புறம்தான் நிஜம். அதிர்ஷ்டவசமாக சஹானாவின் பழைய போனும் இதே மாடல்தான், இரண்டையும் ஒன்றாக வாங்கினோம். ஜாதவ்பூர் காலேஜிலிருந்து அவள் வந்ததும் கேட்டேன்.

"எடுத்துக்கோப்பா. அதுல ஒண்ணும் இல்ல."

இரண்டு போனுக்கும் கோரிக்கை வைத்தாயிற்று. தமயந்தியிடம் விளக்கமாகச் சொன்னேன். அவள் "ஜாக்கிரதை" என்று ஒரே வார்த்தை எழுதினாள். கொஞ்சம் கோபம் வந்தது. எனக்கா ஜாக்கிரதை சொல்வது?

24 நவம்பர், திங்கள்

போன் இன்று இரண்டு முறை அணைந்தது. இன்னும் மூன்று நாள்.

26 நவம்பர், புதன்

ஆபீஸில் இராஜமாணிக்கத்திடம் சொன்னேன். எனக்கு மூன்று வருஷம் சீனியர். "ரிலே ரூம்ல பாதுகாப்பைத் தாண்டி ஜம்பர் வயர் போடற மாதிரிதான் சார் அது. வண்டி ஓடிடும். அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். நான் பதில் சொல்வேன் என்றேன். அவர் டீயைக் குடித்தார்.

29 நவம்பர், சனி

முடித்துவிட்டேன்! சஹானாவின் போன் ரூட் ஆகிவிட்டது. காலை பத்துக்கு உட்கார்ந்தேன், ஒன்றேகாலுக்கு எழுந்தேன். நடுவில் "எல்லாத் தரவும் அழிக்கப்படும்" என்று திரையில் வந்தது. காலிப் போன்தானே என்று அழுத்திவிட்டேன். நிஜப் போனில் முதலில் கணினியில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டால் போயிற்று.

பாங்க் செயலியைப் போட்டுப் பார்த்தேன். "இந்தச் சாதனம் பாதுகாப்பானதல்ல" என்று கதவை மூடிவிட்டது. தமயந்தியின் பாங்க் வேலை புதுப் போனில்தான், அதனால் கவலை இல்லை. மற்றபடி எந்தச் செயலியின் அறைக்குள்ளும் போக முடிகிறது. இந்த வயசிலும் எனக்கு இது வருகிறதே என்று சந்தோஷமாக இருந்தது. மத்தியானம் இரண்டு கரண்டி சாதம் அதிகம் சாப்பிட்டேன்.

30 நவம்பர், ஞாயிறு

சந்தோஷம் ஒரு நாள்தான்.

காலையில் சஹானா: "அப்பா, முதல் வருஷம் நாடகம் போட்டோமே, அந்தப் படமெல்லாம் இதுலதானே இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லன்னு நீதானேம்மா சொன்ன?"

"ஒண்ணும் இல்லன்னா ஒண்ணுமே இல்லன்னா அர்த்தம்?"

கதவை டமால் என்று சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் தமயந்தியின் போனைக் கணினியில் இணைத்துப் பிரதி எடுத்தேன். படங்கள், எண்கள், குறுஞ்செய்திகள் எல்லாம் வந்தன. பாட்டுச் செயலியின் இடம் மட்டும் காலி. மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் காலி. அந்தச் செயலி பிரதி எடுக்கவே விடுவதில்லை.

ஆக நிலைமை இது. பாட்டை எடுக்க ரூட் வேண்டும். ரூட்டுக்குப் பூட்டைத் திறக்க வேண்டும். பூட்டைத் திறந்தால் பாட்டு அழியும். பீரோச் சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

சஹானாவின் போனில் முதலில் செய்யாமல் நேராக இதில் செய்திருந்தால்? வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

தமயந்தியிடம் இன்னும் சொல்லவில்லை. பத்து நாளாக நான் பேசிய பேச்சுக்கு இப்போது எப்படிச் சொல்வது? வேறு வழி கிடைத்ததும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

2 டிசம்பர், செவ்வாய்

ஒழுங்காக எழுத வருகிறதா பார்க்கிறேன்.

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். போன் இருக்கும் இடத்தில் போன் இல்லை. கேட்டேன். பலகையில் எழுதினாள்: "கரியாஹாட் கடைல குடுத்திருக்கேன். ரூட் பண்ணணும்னு எழுதிக் காட்டினேன். ஹொயே ஜாபே, ஆயிடும்னான். நாளைக்குத் தர்றானாம். நீங்க தனியா கஷ்டப்பட வேணாம்."

எனக்காகச் செய்திருக்கிறாள். நான்தான் வேலை இழுக்கிறது, இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேனே. சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? ஒரு வாய் வார்த்தை. ரெண்டு நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தது அவ இல்ல, நான்தான்.

பவானிபூரிலிருந்து டாக்ஸி பிடித்தேன். ஹாஸ்ரா முனையில் நெரிசல். இறங்கி நடந்தேன், பிறகு ஓடினேன். நாற்பத்தொன்பது வயசில் ரோட்டில் ஓடுகிறவனை எல்லாரும் திருடனைப் பார்க்கிற மாதிரிதான் பார்க்கிறார்கள். மேம்பாலத்துக்குக் கீழே அந்தக் கடை. எங்கள் போன் சார்ஜில் கிடந்தது. கடைக்காரர் இன்னும் தொடவில்லை, முன்னால் ஐந்து போன் இருந்ததாம். "கீ ஹோலோ, தாதா?" என்று கேட்டார். என்ன ஆயிற்று அண்ணா என்று. ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து முதல் பாடத்தைப் போட்டுப் பார்த்தேன். ஓடியது. கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சஹானாவின் படங்கள், காலியாக வந்த பிரதி, எல்லாம். தமயந்தி பலகையைத் துடைத்தாள். பிறகு எழுதினாள்: "அது போனா என் குரல்னு சொல்லிக்க ஒண்ணுமே இருந்திருக்காது."

நான் அழுதேன். எழுதிவைக்கிறேன், அழுதேன்.

3 டிசம்பர், புதன்

ரூட் கிடையாது. முடிவு.

காலையில் காபியோடு பலகையும் வந்தது. "ஸ்பீக்கர்ல ஓடவிட்டு வேற போன்ல பதிஞ்சா என்ன?"

சொன்னேன்: தரம் போய்விடும், அறைச் சத்தமெல்லாம் வரும், ஒயர் போட்டு எடுக்கலாமென்றால் ஹெட்போன் துளை போன வருஷமே போய்விட்டது. மொத்தம் பதினொரு மணி நேரம் நாற்பது நிமிஷம் வேறு.

துடைத்துவிட்டு எழுதினாள்: "கத்துக்கறவங்களுக்குத் தரம் எதுக்கு? பாடம் போதும். பதினொரு மணி நேரம் நீங்க எங்க போகப் போறீங்க?"

இரண்டு வாரமாக இது எனக்குத் தோன்றவில்லை. சுலபமாக இருந்ததால்தான் தோன்றவில்லை போலிருக்கிறது.

6 டிசம்பர், சனி

தொடங்கினோம். ஜன்னல் சாத்தி, மின்விசிறி நிறுத்தி, பழைய போனை ஒரு தலையணைமேலும் என் போனை இன்னொரு தலையணைமேலும் வைத்தோம். பதிவு ஓடும்போது யாரும் பேசக் கூடாது என்பது விதி. விதியை மீறுகிறவன் நான் மட்டும்தான். முதல் பாடத்தில் இருமினேன். இரண்டாவதில் கீழே மீன்காரர் "மாச்! மாச்!" என்று போனார். மூன்றாவதில் போனே அணைந்தது. மூன்றையும் மறுபடி எடுத்தோம்.

சஹானா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். இன்னும் பேசவில்லை, ஆனால் உட்கார்ந்தாள்.

11 டிசம்பர், வியாழன்

பதினெட்டு பாடம் முடிந்தது. ஆறு வருஷம் இவள் முன் அறையில் சொல்லிக்கொடுத்தபோது நான் உள்ளறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். "பயப்படாம பாடு, தப்பானா நான் இருக்கேன்" என்று ஒவ்வொரு பாடத்திலும் ஒரு முறையாவது சொல்கிறாள். எனக்கு இது தெரியவே தெரியாது.

20 டிசம்பர், சனி

நாற்பத்தோராம் பாடம். சஹானா ராகத்தில் ஒரு வர்ணம். பெண்ணுக்குப் பெயர் வைத்த ராகம் என்பதால் எனக்கும் கொஞ்சம் தெரியும்.

மூன்றாவது நிமிஷத்தில் காந்தார ஸ்வரத்தில் நின்று இறங்கும் ஓர் இடம். பதிவில் அது சரியாக விழவில்லையாம். எனக்குத் தெரியவில்லை, தமயந்தியின் முகம் சுருங்கியதைத்தான் பார்த்தேன். கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. மறந்துபோய் வாயைத் திறந்தாள். அந்த ஒரு வரியைப் பாடினாள். கரகரப்பாக, பாதி காற்றாக. ஆனால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது.

என் போன் பதிந்துகொண்டேயிருந்தது. பாடம் தன் பாட்டுக்கு ஓடி முடிந்தது.

முடிந்ததும் பலகை வந்தது: "அழிச்சுட்டு மறுபடி எடுங்க."

சரி என்றேன்.

21 டிசம்பர், ஞாயிறு

மறுபடி எடுக்கவில்லை.

28 டிசம்பர், ஞாயிறு

அறுபத்துமூன்றும் முடிந்தன. கணினியில் ஒன்று, சஹானாவிடம் ஒன்று, ஆபீஸ் டிராயரில் ஒன்று என மூன்று பிரதி. எல்லாருக்கும் அனுப்பியாயிற்று. பழைய போனை அணைத்து பீரோவில் வைத்தோம். பூட்டு பூட்டாகவே இருக்கிறது.

9 ஜனவரி 2026, வெள்ளி

குரல் பயிற்சி தொடங்கியிருக்கிறது. காலையில் பத்து நிமிஷம் "ம்ம்" என்கிறாள். மற்ற நேரம் பலகைதான். சஹானா நாடகத் தோழி ஒருத்தியிடமிருந்து ஏழு படம் வாங்கிவிட்டாள். ஒன்றை எனக்கும் அனுப்பினாள். அதில் அவள் மரமாக நிற்கிறாள்.

23 ஜனவரி, வெள்ளி

சரஸ்வதி பூஜை. ஒன்பது பேரும் வந்தார்கள். முன் அறையில் வீணைக்குப் பக்கத்தில் தமயந்தி உட்கார்ந்தாள், மடியில் பலகை. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பாடினார்கள். நான் டிவி போடவில்லை.

கடைசியில் வாசுகி. பாங்கில் வேலை பார்ப்பவள், வகுப்பிலேயே பெரியவள். பாடத் தொடங்குவதற்கு முன் கேட்டாள்: "அக்கா, நாப்பத்தோராவது பாடத்துல ஒரு இடத்துல ரெண்டு குரல் வருது. ரெண்டும் வேற மாதிரி இறங்குது. நான் எதைப் புடிச்சுக்கணும்?"

தமயந்தி என் பக்கம் திரும்பினாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பலகை மடியிலேயே இருந்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயால் சொன்னாள்: "ரெண்டாவது."