இன்னிஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது

மார்ச் 3

பிள்ளை பிறந்து ஏழு நாள். இன்னும் பெயர் இல்லை. பதிவதற்கு இரண்டு வாரம் மிச்சம்.

என் கணவன் கேவினின் அத்தை எல்ஸ்பெத் மீன் சூப்போடு வந்தார். தொட்டிலுக்குள் குனிந்து, "என்னடா இன்னிஸ் பயலே, உங்கம்மாவத் தூங்க விட்டியா?" என்றார்.

"இன்னும் பேரு வைக்கல, அத்தை."

"நீ என்ன வைக்கிறது? இந்த வீட்டுல மூத்தவன்னா இன்னிஸ்தான். காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

கேவினின் அண்ணன் இன்னிஸ், ஆறு வருடம் முன்பு படகோடு போனவர். தாத்தா இன்னிஸும் கடலில்தான். அந்தப் பெயரை என் பிள்ளைக்கா? மாட்டேன். மாட்டவே மாட்டேன்.

மார்ச் 6

மூச்சு விடுகிறானா என்று ஒன்பது முறை பார்த்தேன்.

மார்ச் 8

இன்னிஸ் உண்மையில் ஒரு குடும்பப் பெயர். ஸ்காட்லாந்தின் பழைய கேலிக் மொழியில் தீவு என்று பொருள். சுற்றிலும் தண்ணீர். தாயின் பிறந்தவீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு முதல் பெயராக வைப்பது இங்கே வழக்கம்தான். ஆனால் நாங்கள் கோவி குடும்பம். இன்னிஸ் வீட்டுப் பெண் யார் இங்கே மருமகளாக வந்தாள்? அத்தையைக் கேட்டேன். "எவளோ கொண்டுவந்த சீர்னு வச்சுக்கயேன். கேள்வியப் பாரு!"

மார்ச் 11

மூழ்கிய இன்னிஸ்களை எண்ணி அத்தை முன் வைக்கத்தான் பழைய திருச்சபைப் பதிவேடுகளைக் கணினியில் புரட்டினேன். முதல் இன்னிஸ் வரைக்கும் போய்விட்டேன். 1819. ஞானஸ்நானக் குறிப்பில் இப்படி:

'இன்னிஸ் கோவி. தாய் பிரசவத்தில் இறந்தாள். பால் கொடுத்து வளர்ப்பவள் இசபெல் இன்னிஸ், பண்ணை வேலைக்காரி. அவள் பெயரே குழந்தைக்கு.'

மருமகள் இல்லை. உறவே இல்லை. அதே பதிவேட்டில், ஐந்து நாள் முன்பு, அடக்கங்களின் பக்கத்தில்: 'இசபெல் இன்னிஸின் பெண் குழந்தை. வயது மூன்று வாரம்.'

தன் குழந்தையைப் புதைத்த ஐந்தாம் நாளா? எப்படி முடிந்தது அவளால்? ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் குழந்தை அழுதபோது என் சட்டை நனைந்தது. உடம்புக்கு யார் பிள்ளை என்று தெரியாது. ஆனால் மனசு? அது சம்மதித்திருக்கிறதே, இசபெல்.

அவள் எடுத்து அணைக்காவிட்டால் அந்தப் பிள்ளை இல்லை. கேவின் இல்லை. என் மடியில் கிடக்கும் இவனும் இல்லை. இருநூறு வருடமாக இந்த முரட்டு மீனவர்கள் ஒரு வேலைக்காரியின் பெயரைச் சுமந்து கடலுக்குப் போயிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் தெரியாது.

மார்ச் 12

அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க ஏதோ பெரிய துரை வீட்டுப் பேருன்னுல்ல பீத்திக்கிட்டுத் திரிஞ்சோம்," என்றார்.

மார்ச் 14

பதிவாளர் அம்மா எங்கள் படிவத்தில் பெயரைப் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "யாரு பேருங்க வைக்கிறீங்க?"

கேவின் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்: "இசபெல் இன்னிஸ்னு ஒருத்தங்க. எங்க வீட்டுப் பிள்ளைக்குப் பால் குடுத்தவங்க."

'இன்னிஸ் கோவி' என்று எழுதிக்கொண்டார்.

வெளியே துறைமுகக் காற்று. அண்ணன் போனதிலிருந்து கேவின் அந்தப் பெயரை உச்சரித்து நான் கேட்டதில்லை. போர்வையை இழுத்துவிட்டுக் குனிந்தான்.

"இன்னிஸ், குளிருதாடா?"