ஆரோன் வீட்டுப் பெண்

செயின்ட் பால்
18 ஏப்ரல் 1994

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் அறுவைப் புண் ஆறிவிட்டதா? படியேறக் கூடாது என்றால் ஏறாதீர்கள். மருத்துவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

ஒரு செய்தி. அடுத்த மாதம் வாரங்களின் பண்டிகையன்று எங்கள் ஜெப ஆலயத்தில், நம்மைப்போல் ஆசாரியர் ஆரோனின் வம்சத்தார் மேடையேறி ஆசி சொல்லும்போது நானும் ஏறப்போகிறேன். இங்கே மகனுக்கு உள்ளது மகளுக்கும் உண்டு. செருப்பைக் கழற்றுவது, கை கழுவுவது, சால்வைக்குள் விரல்களைப் பிரிப்பது எல்லாம் உங்களிடம் கற்றதுதான். ஆசி சொல்லும் கைகளைப் பார்க்கக் கூடாது என்பீர்கள், திருட்டுத்தனமாகப் பார்த்தேன்.

நீங்கள் அவசியம் வர வேண்டும். வராவிட்டால் மனம் உடைந்துபோவேன்.

உங்கள் மகள்,
திர்சா


கிளீவ்லாண்ட்
26 ஏப்ரல் 1994

அருமை மகள் திர்சாவுக்கு,

கால் பரவாயில்லை. உன் கடிதம்தான் வலிக்கிறது. தகப்பன் வழியாக மகன்களுக்கு வந்த கடமை இது. உன் சபையார் தங்கமானவர்களாகவே இருக்கட்டும், அதற்காக விதியை வளைக்க முடியுமா?

வருகிறேன், நீ சுடும் பாலாடைக்கட்டி அப்பத்துக்காக. ஆனால் என்னைப்போல் கால் முடியாமல் மேடையேறாத ஆரோன் வம்சத்தான், மற்றவர்களை அழைக்கும்முன் கூடத்தைவிட்டு வெளியே போய்விட வேண்டும். அது உனக்கே தெரியும். நான் போய்விடுவேன். நீ வருந்தாதே.

அப்பா,
கெட்ஸல் காட்ஸ்


கிளீவ்லாண்ட்
19 மே 1994

என் கண்மணி,

சுகமாக வீடு சேர்ந்தேன். விமானத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் உன் பெருமையைப் பேசியே தீர்த்தேன். பாவம், தூங்குவதுபோல் நடித்தார்.

நேரில் சொல்ல வாய் வரவில்லை. பண்டிகையன்று, எழுதியிருந்தபடியே வெளியே போகக் கைத்தடியோடு எழுந்தேன். வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த அம்மாள் கதவைத் திறந்துவிட்டாள். "வெளியே நாற்காலி போட்டிருக்கேன் ஐயா. கதவை லேசா திறந்தே வைக்கிறேன், கேக்கணும்னா கேளுங்க" என்றாள். ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

நான் நொண்டி நொண்டி வாசலைத் தாண்டுவதற்குள் ஆரோன் வம்சத்தாரை மேடைக்கு அழைத்துவிட்டார்கள். உன் குரல் கேட்டது. அது என் அப்பா பாடிய ராகம். கால் நகரவில்லை.

"போகலையா ஐயா?"

"வெளியே குளிருதும்மா" என்றேன். மே மாதத்தில்! அவள் சிரிக்காமல் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்து கூட்டத்தோடு தலைகுனிந்து நின்றேன். திர்சா, சிறுவயது முதல் மேடையில் நின்று ஊருக்கெல்லாம் ஆசி சொன்னவன் நான். கீழே நின்று வாங்கியதே இல்லை. எத்தனை நன்றாக இருக்கிறது! சொல்லித் தீராத பெருமை எனக்கு.

ஆமென் சொன்னால் உன் ஆசியை ஏற்றதாகிவிடும் என்று தெரியும். தெரிந்தேதான் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

உன் ஆசி பெற்ற
அப்பா