முதற்பால் கடைசியில்

ஓகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து. விடிந்ததிலிருந்து கதவுகள் அடித்துக்கொண்டிருக்கின்றன. வாசலெல்லாம் மணல். ஒருமுறை கூட்டினேன், திரும்பவும் மணல். விட்டுவிட்டேன்.

றெ. (மனைவி றெஜினா, முழுப்பெயர் எழுதச் சோம்பல்) டெங்குக் காய்ச்சலில் கிடந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு கிழமையாகப் போகிறது. டொக்டர் சொன்னது: இரத்தம் சரி, காய்ச்சல் இல்லை, இனிச் சாப்பிட வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பாக்கிதான் நடக்கவில்லை. வாய் கைக்கிறதாம். இரண்டு கரண்டி சாப்பிடுவாள், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

மதியம் சொதி வைத்தேன். வாயில் வைத்துப் பார்த்தால் தனி உப்பு. துறைமுகத்தில் வாளி இறக்கி அள்ளிய தண்ணீர் மாதிரி. வேறொன்றும் இல்லாதபடியால் அதையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நல்லாயிருக்கு" என்றாள்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. எங்கள் கலியாண விருந்தில் மாலையும் கழுத்துமாக இருந்துகொண்டு, "றோல்ஸுக்குள்ள கிழங்கு வேகேல்லை" என்று என் காதுக்குள் சொன்னவள் இவள். அதன்பிறகு இந்த வீட்டில் எந்தச் சட்டியும் குற்றம் கேட்காமல் கழுவப்பட்டதில்லை. அந்த வாய் இப்போது நல்லாயிருக்கு என்கிறது. இன்னொன்று: வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் "இஞ்சேருங்கோ" என்று என்னைக் கூப்பிடுகிற கூப்பாடே இல்லை. முன்பு அது காதுக்குள் ஓயாது.

பின்னேரம் மகள் மெர்சி கொழும்பிலிருந்து போன்.

"அப்பா, உங்களால தனியப் பாக்க ஏலாது. சனிக்கிழமை வான் பிடிச்சுக்கொண்டு வாறன். அம்மா அப்பவும் சாப்பிடாட்டி இஞ்ச கூட்டிக்கொண்டு வந்திடுவன்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"அதை ஏன் இப்ப கதைக்கிறியள்? வேணுமெண்டால் நீங்களும் வாங்கோ."

மெர்சியின் வீடு ஒன்பதாம் மாடி. அங்கே போய் நான் என்ன செய்வது, லிஃப்டுக்கு எண்ணெய் விடுவதா? போனை றெ.யிடம் கொடுத்தேன். கொழும்பு என்ற பேரைக் கேட்டாலே சண்டைக்கு வருகிறவள். ஒரு பிடி பிடிப்பாள் என்று ஆசையோடு நின்றேன்.

"ஓம் பிள்ளை, உன்ர விருப்பம்."

அவ்வளவுதான். போனைத் திருப்பித் தந்தாள். பிறகு மெல்ல: "சரக்கு அரைச்சு விட்ட கீரைக்கறி எண்டால் ரெண்டு வாய் தின்னலாம் போல கிடக்கு. பாவம், நீங்கள் கரைச்சல்படாதேங்கோ."

என்னைப் பார்த்துப் பாவம் என்றாள்! நாளைக்குக் கீரை.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

காற்று அதேபடி. சந்தை. வாங்கியவை: பசளிக்கீரை இரண்டு கட்டு, தேங்காய், மல்லி, மிளகு, நற்சீரகம், உள்ளி, தேசிக்காய். மஞ்சள் வீட்டில் இருக்கிறது. பல்லுத் தூரிகை மறந்துவிட்டேன்.

கேற்றில் பையைக் கொளுவிவிட்டுத் பூட்டுத் திறப்பைத் தேடினேன். இந்தச் சட்டைப்பை, அந்தச் சட்டைப்பை, காற்சட்டை. நிமிர்ந்தால் மான். தலையைப் பைக்குள் விட்டு ஆற அமர மென்றுகொண்டிருக்கிறது. மாடுபோலத் தெருவில் திரிகிற இந்த ஊர் மான்களுக்கு வெட்கம் கிடையாது. "ஓய்" என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது கட்டையும் இழுத்தது.

பக்கத்து வீட்டு ஹாஜரா மதிலுக்கு மேலால் பார்த்துச் சிரித்தாள். கிண்ணியாக்காரி, என்னைவிட இரண்டொரு வயது இளையவள், றெ.யின் கூட்டாளி.

"என்னண்ணே, மானுக்கு விருந்தா?"

"சிரியாதையும் தங்கச்சி. உம்மட வளவில கீரை இருக்கோ?"

"இருந்திச்சி. முந்தாநாள் இதே மான்தான்."

திரும்பவும் சந்தை. கீரைக்காரி என்னைப் பார்த்த பார்வை வேறு.

றெ. கட்டிலில் இருந்தபடியே செய்முறை சொன்னாள். மல்லி, மிளகு, சீரகம், உள்ளி, மஞ்சள், இந்தச் சரக்கை அம்மியில் பட்டுப்போல அரைக்க வேண்டும். கீரை வெந்ததும் மத்தால் கடைய வேண்டும். தேசிக்காய்ப் புளி சட்டியை இறக்கிய பிறகுதான். பால் விஷயம் மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

"முதற்பாலை முதல்ல விடாதேங்கோ. கடைசிப்பாலை முதல்ல விட்டுக் கீரையை அவிய விடுங்கோ. முதற்பாலைக் கடைசியா விட்டு, ஒரு கொதி வரமுன்னம் இறக்குங்கோ."

தேங்காய்ப்பூவை முதலில் பிழிந்தால் வருகிற தடித்த பால் முதற்பால். தண்ணீர் விட்டு விட்டுப் பிழிந்து கடைசியில் வருவது கடைசிப்பால். இவ்வளவும் விளங்கியது. இழுவைப் படகில் எஞ்சின்காரனாக ஆயுசைக் கழித்தவன் நான். மேலேயிருந்து கட்டளை வந்தால் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கைப்பிடியில் கை வைப்போம். அதேபோல் திருப்பிச் சொன்னேன்: "கடைசி முதல், முதல் கடைசி." தலையாட்டினாள்.

குசினிக்குப் போகிற வழியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசி முதல் முதல் கடைசி முதல் கடைசி. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது? அடுப்பில் சட்டி காய்கிறது. முதல் என்றால் முதல்தானே என்று முதற்பாலை விட்டுக் கொதிக்க வைத்தேன். பால் திரைந்து கட்டி கட்டியாக மேலே வந்தது. கீரை கீழே போனது.

கொடுத்தேன். மூன்று வாய்.

"நல்லாயிருக்கு."

மிச்சத்தை ஹாஜராவின் கோழிகளுக்குப் போட்டேன். வந்தன, பார்த்தன, போய்விட்டன.

ஓகஸ்ட் 6, புதன்

கரண்ட் இல்லை, பிறகு வந்தது. பல்லுத் தூரிகை வாங்கினேன்.

இன்று ஒரு சோதனை. வேண்டுமென்றே கீரைக்கு உப்புப் போடவில்லை. கொஞ்சம் ஏசினாலும் போதும், மனது ஆறும் என்று எண்ணம். தட்டைக் கொடுத்துவிட்டுக் கட்டில் காலடியில் நின்றேன்.

"நல்லாயிருக்கு. நீங்கள் சாப்பிட்டியளோ?"

தாங்க முடியவில்லை. மதிலடிக்குப் போய் ஹாஜராவிடம் சொன்னேன், இவளுக்கு நாக்கு செத்துவிட்டது என்று.

"நாக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. காலையில நான் குடுத்த பப்பாசி இலைச் சாறுக்கு மூஞ்சியச் சுழிச்ச சுழி எனக்குத்தான் தெரியும். உங்களுக்கு மட்டுந்தாண்ணே நல்லாயிருக்கு எண்டு சொல்றா."

"ஏன் அப்பிடி?"

"உங்கட கையக் கொஞ்சம் பாருங்க. இங்க வெட்டு, அங்க சூடு. இதப் பாத்துட்டு ஒரு பொம்பள என்னத்தச் சொல்லுவா?"

பார்த்தேன். தேங்காய் திருவுகிற திருவலையில் கிழித்தது, சட்டியில் சுட்டது. எஞ்சின் அறையில் இத்தனை வருடத்தில் இவ்வளவு காயம் பட்டதில்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்

பழைய வேலைக் கையுறையைத் தேடி எடுத்தேன். கறுப்பு, முழங்கை வரைக்கும். எண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. அதைப் போட்டுக்கொண்டு தட்டைக் கொண்டுபோனேன். றெ. கையுறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கீரையைப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு."

கப்பல் ஒன்று நெடுநேரம் ஊதியது. முன்பென்றால், "உந்தச் சத்தத்தை ஆரும் நிப்பாட்டுங்கோவன்" என்பாள்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

அலுமாரிக்கு மேலிருந்து பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள். நாளைக்குக் கொழும்புக்கு. துடைத்துக் கட்டிலருகே வைத்தேன். மூன்று சேலையை மடித்து வைத்தாள். களைத்துப்போய்ப் படுத்தாள்.

பயமாக இருக்கிறது. ஊரில் எல்லோரிடமும் "மகளோட கொஞ்ச நாள் நிண்டுபோட்டு வரட்டும்" என்று சிரித்துக்கொண்டு சொல்கிறேன். இவள் இல்லாத இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?

நாளைக்குக் கடைசித் தடவை. பாலில் பிழை விடக்கூடாது.

ஓகஸ்ட் 9, சனி

எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

விடிய எழும்பி அம்மியில் சரக்கு. தேங்காய் பிழிந்து இரண்டு கோப்பையில் வைத்தேன். மறதிக்கு இடம் வைக்காமல் கோப்பைகளில் இலக்கம் ஒட்டினேன். முதலில் விட வேண்டிய கடைசிப்பாலுக்கு 1. கடைசியில் விட வேண்டிய முதற்பாலுக்கு 2. இதைவிடத் தெளிவு உலகத்தில் இல்லை.

ஹாஜரா உதவிக்கு வந்தாள். கீரையை அடுப்பில் வைத்த நேரம் வாசலில் வான் சத்தம். மான் ஒன்று கேற்றுக்குக் குறுக்கே படுத்திருக்கிறது, எழும்ப மாட்டேன் என்கிறது. அதைக் கலைத்து, மெர்சியை இறக்கி, சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்தால் குசினியில் திரைந்த மணம்.

"கீரை அடிப்பிடிக்கப் பாத்திச்சி, நான் பால விட்டுட்டேன்" என்றாள் ஹாஜரா.

"எதை?"

"ரெண்டு எண்டு போட்டிருந்தத. ரெண்டாந்தரம் பிழிஞ்ச பாலத்தானேண்ணே முதல்ல விடணும்?"

அவள் சொன்னதும் சரி. நான் ஒட்டியதும் சரி. கறி மட்டும் பிழை. பதட்டத்தில் தேசிக்காயையும் அடுப்பில் இருக்கும்போதே பிழிந்துவிட்டேன்.

மேசையில் நாலு பேரும். றெ.யைத் தாங்கிக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினோம். அவள் ஒரு வாய் வைத்தாள். மெர்சியும் வைத்தாள். பிள்ளைக்கு நல்ல மனது, என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"அப்பா, சுப்பர்! அப்பிடியே அம்மான்ர கீரை மாதிரி."

றெ. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆரின்ர கீரை மாதிரி?"

"உங்கட மாதிரித்தான் அம்மா."

"எங்க, திருப்பிச் சொல்லு பாப்பம்."

ஹாஜரா தண்ணீர்க் கோப்பையை எடுத்துக் குடிக்கத் தொடங்கினாள்.

"முதற்பாலை முதல்லயே விட்டுக் கொதிக்க வைச்சுத் திரைஞ்சுபோய்க் கிடக்கு. மிளகு அரைபடாமல் பல்லுக்குள்ள கடிபடுது. தேசிக்காயை அடுப்பிலயே விட்டுக் கைக்குது. கீரையைக் கடைஞ்சதோ, இல்லாட்டி மத்தைக் காட்டிப் பயப்பிடுத்தினதோ? இதையோ என்ர கீரை எண்டுறாய்?"

கதிரையை அவள் பக்கம் இழுத்தேன். கேட்டேன்: "அப்ப செவ்வாய்க்கிழமை ஏன் நல்லாயிருக்கெண்டனீர்?"

"செவ்வாய்க்கிழமைக் கறி இதைவிட மோசம். புதன்கிழமை உப்பே இல்லை. வியாழக்கிழமை என்ன அது, கையில கறுப்பா? கப்பல் திருத்தவோ வந்தனீங்கள்?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "ஒரு கிழமையா அடுப்படியில நிண்டு வேகிற மனிசனை என்னெண்டு ஏசிறது? ஏலாமல்தான் நல்லாயிருக்கெண்டனான். ஏலாமல்தான் கொழும்புக்கும் ஓமெண்டனான். நான் போனாலாவது இந்தாள் கையைச் சுடாமல் கடையில வாங்கித் தின்னுமெண்டு."

தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஆனால் பிள்ளை இதை என்ர கையெண்டு நினைச்சுக்கொண்டு போக நான் விடமாட்டன். இன்னொரு தேங்காய் இருக்கோ?"

இருந்தது. குசினியில் கதிரை போட்டு இருத்தினோம். நான் திருவினேன், மெர்சி அரைத்தாள், ஹாஜரா பிழிந்தாள். மூன்று பேருக்கும் ஏச்சு. கோப்பையில் இருந்த இலக்கங்களைக் கிழித்தெறிந்தாள். கடைசிப்பால் முதலில் போனது, முதற்பால் கடைசியில் போனது. மத்தை மட்டும் ஒருவரிடமும் கொடுக்கவில்லை, தானே கடைந்தாள். ஒரு தட்டுச் சோறு. முழுத் தட்டு. பிறகு சட்டியையும் வழித்தாள்.

பின்னேரம் மெர்சி கேட்டாள்: "அப்ப பெட்டி, அம்மா?"

"எனக்கேன் பெட்டி? நடக்கிற வழியில கிடக்குது. தூக்கி மேல வையுங்கோ."

தூக்கி வைத்தேன். வான் ஒரு போத்தல் கீரைக்கறியோடு போனது. மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் துடைக்கவில்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

காற்றுக் குறைவு. பூசைக்கு நான் மட்டும். வரும் வழியில் கீரை, இந்தமுறை பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கேற்றைத் திறந்தேன்.

நான்தான் சமைத்தேன். பால் சரி. அவள் கண்ட குற்றங்கள்: மஞ்சள் அதிகம், உள்ளி காணாது, சட்டியின் மூடி பிழையான மூடி. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது உள்ளேயிருந்து சத்தம்:

"இஞ்சேருங்கோ! மத்தைக் கழுவாமல் அங்க என்னத்தை எழுதிக்கொண்டிருக்கிறியள்?"