ரிவர்ஸ் போகாத நீலப்பெட்டி

ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

அன்பு மகள் வாலுவுக்கு,

உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உன் சித்தி சுகம், இப்போது வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள், நீலப்பெட்டி என்று பெயர், அவளும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு நடமாடுகிறீர்களா என்று தெரிந்துகொள்ள எங்கள் இருவருக்கும் ஆசை. வாரா வாரம் போனில் பேசுகிற மனுஷன் ஏன் திடீரென்று பேனாவைப் பிடித்தான் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் உன் சித்தி பக்கத்தில் நின்று ஒன்பது திருத்தம் சொல்கிறாள். பேனாவுக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுகிறேன், எழுத்தில் பிழை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு படி, விஷயத்தில் பிழை இருக்காது.

விஷயம் உன் சித்தியைப் பற்றியது. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். அண்ணன் மகளாக இந்த வீட்டுக்கு வந்து எங்கள் மகளாகிப்போன உன்னையும் அதே வேனின் முன் சீட்டில் உட்காரவைத்துத்தான் கூட்டிப்போனாள். போன வருஷம் பள்ளி வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது வேன் கேட் தூணில் இடித்ததும், உள்ளே பத்தொன்பது பிள்ளைகள் இருந்ததும் உனக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை, ஒரே ஒரு தண்ணீர் பாட்டில் விரிசல் விட்டது, அவ்வளவுதான் சேதம். ஆனால் அந்த நொடி பிள்ளைகள் போட்ட கத்தல் அவள் காதை விட்டுப் போகவே இல்லை. அன்றைக்கே சாவியைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியை மேஜையில் வைத்துவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். அதற்கப்புறம் ஸ்டீயரிங் பக்கம் போனதில்லை. நம் காரில் ஏறினாலும் பின் சீட்டுதான், கைப்பிடியை விடமாட்டாள். தெருவில் ஏதாவது வண்டி ரிவர்ஸில் டொய்ங் டொய்ங் என்று வந்தால் எழுந்து உள் அறைக்குப் போய்விடுவாள். இதையெல்லாம் நான் உன்னிடம் போனில் சொன்னதில்லை, அவள் பக்கத்திலேயே நிற்பாளே. பத்து நாளைக்கு முன்னால் தலைமையாசிரியை அம்மா நேரிலேயே வந்தார். புது டிரைவர்கள் ஒருத்தரும் நிலைக்கவில்லையாம். இருபதாம் தேதி திங்கக்கிழமை காலையில ஆறரைக்கு வேன் கிளம்பணும், நீங்க வந்தா நீங்க, வரலைன்னா நிரந்தரமா வேற ஆளப் போட்டுடுவேன், அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது என்று சொல்லி, சாவியை நம் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனார். அந்தத் திங்கட்கிழமை நாளைக்கு.

அந்தச் சாவியைப் பார்த்துப் பார்த்து அவள் சாப்பாடு பாதியாகிவிட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் ஆகாது என்று நான் முடிவு கட்டினேன். ஆறு மாதமாக என் கேட் பட்டறையில் ஒரு டிரெய்லர் செய்துகொண்டிருந்தேன் இல்லையா, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற குட்டி வீடு, அதுதான் நீலப்பெட்டி. செய்யச் சொன்னவர்களே வேண்டாம் என்று விட்டுப்போன இரண்டு கேட், ஒரு பழைய சரக்கு வண்டியின் அச்சு, பிளைவுட், இவ்வளவுதான் முதல். உள்ளே இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம் (புரண்டு படுப்பதென்றால் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்), பின் கதவை மேலே தூக்கினால் அடுப்பு, பாத்திரத் தட்டு, தண்ணீர் டப்பா எல்லாம் வரிசையாக நிற்கும். வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் பார்த்தால் வேலையை விட்டுவிட்டு என்னிடம் பாடம் படிக்க வருவான். டயர் கடைக்காரன், அவனைத்தான் எல்லோரும் சந்தேகம் என்று கூப்பிடுவோமே, அவன் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, அண்ணே, ரிவர்ஸ் போட்டுப் பாத்தீங்களா என்று கேட்டான். போடா, நான் கப்பலையே ரிவர்ஸ் எடுப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இந்த இடத்தில் உனக்கு மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் பட்டறைக்கு இரண்டு தெருவிலும் வாசல். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடலாம், இருபத்தாறு வருஷமாக அங்கே யாரும் ரிவர்ஸ் எடுத்ததே இல்லை.

புதன்கிழமை காலை கிளம்பினோம். சித்தி பின் சீட்டில். நகரம் முடிந்து, கிடங்குகள் முடிந்து, கம்பிவேலிகளும் முடிந்த பிறகு சாலை மட்டும் மிச்சம் இருந்தது வாலு. நான் வாழ்க்கை முழுக்க கேட் செய்தவன், எந்த இடத்தைப் பார்த்தாலும் எவ்வளவு அகலம், எத்தனை கம்பி என்றுதான் கண் கணக்குப் போடும். அந்த வானத்தைப் பார்த்ததும் என் கணக்கு நின்றுபோனது. இதற்கு எங்கே கேட் போடுவது? முதல் நாள் காட்டோரம் வண்டிகள் நிறுத்துகிற மைதானத்தில் தங்கினோம். ஒவ்வொரு மரமும் பதினைந்து மாடி உயரம். சாயங்காலம் இருநூறு மான்கள் வரிசையாக வந்து நம் நீலப்பெட்டியை மோந்து பார்த்துவிட்டுப் போயின. உன் சித்தியைக் கேட்டால் நாலு என்பாள். அவளுக்கு மான் எண்ணத் தெரியாது.

மறுநாள் ஏரிக்குப் போகிற பாதை என்று ஒரு மண் சாலையில் வண்டியை விட்டேன். முனையில் ஏதோ பலகை இருந்தது, அதைப் படித்துக்கொண்டிருந்தால் எப்போது போய்ச்சேருவது. பாதை குறுகிக்கொண்டே போய் ஏரியில் முடிந்தே விட்டது. இடப்பக்கம் பாறைச் சரிவு, வலப்பக்கம் பள்ளம், திருப்ப ஒரு முழம் இடமில்லை. சரி, ரிவர்ஸ் என்று போட்டேன். ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்பினால் நீலப்பெட்டி இடது பக்கம் போகிறது, இடது திருப்பினால் வலது. கொஞ்சம் விட்டால் காரும் பெட்டியும் மடக்குக் கத்தி மாதிரி மடங்கிக்கொள்கின்றன. டிரெய்லரைக் கழற்றிக் கையால் தள்ளித் திருப்பலாமே என்று நீ கேட்பாய், சித்தியும் அதைத்தான் கேட்டாள். திருடன் கழற்றிக்கொண்டு போய்விடக் கூடாது என்று, காரையும் டிரெய்லரையும் மாட்டுகிற கொக்கியை நான் வெல்டிங் அடித்து வைத்திருந்தேன். நல்ல வெல்டிங். யானை இழுத்தாலும் வராது. பதினோரு தடவை முயன்றேன். போனில் சிக்னல் இல்லை. அவள் ஒரு பாறைமேல் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டு பதினோரு தடவையும் பார்த்தாள். கடைசியில் அங்கேயே தங்கினோம்.

விடியற்காலை நான் எழுந்தபோது அவள் பக்கத்தில் இல்லை. வெளியே வந்தால் ஏரியைக் காணோம். தண்ணீர் மேல் பனி வெள்ளை வேட்டி விரித்த மாதிரி கிடந்தது, பிறகு வெயில் பட்டு மெதுவாகச் சுருண்டு மேலே போக, அடியில் மலை தலைகீழாக நின்றது, ஒரு சுருக்கம் இல்லை. எனக்கு இதைப் பெரிதாக்கிச் சொல்லத் தெரியவில்லை வாலு, ஏற்கெனவே முழு அளவில் இருந்தது. அந்த வெளிச்சத்தில் உன் சித்தி பாதையில் தனியாக நடந்துகொண்டிருந்தாள். போகிறாள், வருகிறாள், மறுபடி போகிறாள். வளைவு வரும் இடத்திலெல்லாம் ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். நாலு நடை. அப்புறம் நேரே என்னிடம் வந்து, சாவியக் குடுங்க என்றாள். நான் வாயைத் திறக்கப் போனேன். ஒண்ணும் சொல்ல வேண்டாம், பின்னாடி போய் நில்லுங்க, கையை ஆட்டாதீங்க, எனக்குக் கண்ணாடியில உங்க மூஞ்சி தெரியணும், அவ்வளவுதான் என்றாள்.

ஒரு கையை ஸ்டீயரிங் வட்டத்தின் கீழ் விளிம்பில் வைத்தாள். எந்தப் பக்கம் கை போகிறதோ அந்தப் பக்கமே நீலப்பெட்டியும் வந்தது, கன்றுக்குட்டி மாதிரி. சாவகாசமாக, ஒவ்வொரு வெள்ளைக் கல்லாகத் தாண்டி வந்தாள், நானும் பின்னால் நடந்துகொண்டே வந்தேன். பாதி வழியில் சின்னப் பாலம் ஒன்று, அதன் ஓரத்தில் ஒரு கல் தூண். முந்தின நாள் நாங்கள் உள்ளே வந்தபோது அது என் கண்ணில் படவே இல்லை. அங்கே கார் நின்றுவிட்டது. இஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன், பள்ளி வாசலில் இருந்து நடந்து வந்த அன்றைக்கு இருந்த அதே முகம். என் ஆயுசில் பேசாமல் நின்றது அந்த ஒரு முறைதான், அதற்கு எனக்கு மெடல் கொடுக்கலாம். அவள் இறங்கி வந்தாள். தூணின் மேல் கையை வைத்தாள். தூணுக்கும் பெட்டிக்கும் நடுவில் சாணால் அளந்தாள், இரண்டு சாண். தலையை ஆட்டிக்கொண்டாள், என்னிடம் இல்லை, தூணிடம். மறுபடி ஏறி உட்கார்ந்து, அந்த இரண்டு சாண் குறையாமல் வண்டியை எடுத்தாள். பெரிய சாலைக்கு வந்ததும் நான் திரும்பி ஓடிப்போய் என் பையில் இருந்த அஞ்சு மீட்டர் டேப்பை முப்பத்தேழு தடவை நீட்டி அளந்தேன். நூற்று எண்பத்தைந்து மீட்டர். இதில் ஒரு அடிகூட நான் கூட்டவில்லை. எப்படிடி கத்துக்கிட்டே என்று கேட்டதற்கு, நேத்து நீங்க பதினோரு தடவை தப்பா எடுத்ததைப் பாத்துத்தான், இவ்வளவு தெளிவா வேற யாரும் சொல்லிக்குடுக்க முடியாது என்றாள். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வீடு வந்து சேர்ந்தோம். அன்று முதல் நான் சந்தேகத்திடமும், இரும்புக் கடையிலும், முடி வெட்டுகிறவரிடமும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வரவில்லை, அவள் எடுத்தாள் என்று. எனக்கு ஒன்று தெரியாது என்பதை இவ்வளவு பெருமையாக நான் சொன்னதே இல்லை, சந்தேகம் என் நெற்றியைத் தொட்டு ஜுரமா என்று பார்த்தான். ஆனால் சாவி இன்னும் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. சற்று முன்னால் பால் எடுக்கப் போனவள் அதைக் கொஞ்சம் நகர்த்திவைத்துத் துடைத்தாள், அவ்வளவுதான். எனக்கு இங்கே உட்காரவும் முடியவில்லை நிற்கவும் முடியவில்லை. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை. நான் கண் விழித்தபோது ஆறு இருபது, ஃப்ரிட்ஜ் மேல் சாவி இல்லை, அவள் செருப்பும் இல்லை. இப்போது ஏழு மணி, தெருவில் ஹார்ன் கேட்கிறது, அந்த இரண்டு குட்டை ஒரு நீளம், உனக்கு ஞாபகம் இருக்கும். வேனின் ஜன்னலெல்லாம் பிள்ளைகள் தலை. தபாலாபீஸ் என் ரூட்லதான் இருக்கு, லெட்டரக் குடுக்குறதுன்னா சீக்கிரம் குடுங்க, அடுத்த பிள்ளை ஏழு பத்துக்கு நிக்கும் என்று கத்துகிறாள். கவரை ஒட்ட வீட்டில் பசை இல்லை, அப்படியே கொடுத்துவிடுகிறேன். நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும், நீங்கள் போகிற சாலையெல்லாம் அகலமாக இருக்கணும். அங்கே எந்தப் பாதையில் போனாலும் முனையில் இருக்கும் பலகையைப் படித்துவிட்டுப் போ. லீவில் வரும்போது நாலு பேரும் அந்த ஏரிக்குப் போகலாம், ஓட்டப்போவது நான் இல்லை.

என்றும் உன்மேல் உயிரான
சித்தப்பா

வாலு, பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, ஒட்டாத கவர் என்பதால் படித்துவிட்டேன். மான் நாலுதான். மற்றதெல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். தபாலாபீஸ் வாசலில் ரிவர்ஸ் எடுத்துத்தான் வேனை நிறுத்தியிருக்கிறேன். சித்தி.