நகர்த்தாத சீட்

என் வாயாடிக்கு,

நீயும் பிள்ளையும் அம்மாவும் சுகம்தானே? நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.

தொற்று வந்ததிலிருந்து எல்லையில் இரு நாட்டு டிரைவர்களும் சந்திக்கக்கூடாது. அவர்களுக்குத் தடுப்பூசி தருவது ஒரு வல்லரசு, இங்கே தருவது அதன் எதிரி. அந்த ஊசி இங்கே செல்லாது, இந்த ஊசி அங்கே செல்லாது. மத்தளம் மாதிரி எங்களுக்கு இரு பக்கமும் இடி.

அந்தப் பக்கத்து டிரைவர் லாரியை எல்லை கேட்டில் விட்டுப் போவார். நான் அதே லாரியை இங்கே ஓட்டி வந்து சரக்கை இறக்கிவிட்டு, காலி வண்டியைத் திரும்ப அங்கேயே நிறுத்துவேன். முகம் பார்த்ததில்லை. ஆனால் ஆள் குள்ளம். தினமும் சீட்டைப் பின்னால் தள்ளித்தான் உட்காருவேன்.

இன்று தள்ள வேண்டியிருக்கவில்லை. காவலரிடம் கேட்டேன்.

"அவருக்கு மூச்சுத் திணறுதாம்பா. இது வேற ஆளு. சீக்கிரம் வண்டிய எடு."

நேற்று அவர் பிடித்த ஸ்டியரிங்கைத்தான் நானும் பிடித்தேன். ஒன்றும் ஆகாது, பயப்படாதே.

தொண்டை கட்டினால் அம்மா என்ன போட்டுக் கொதிக்கவைப்பார்? கேட்டு உடனே எழுது. பக்கத்து அறைக்காரனுக்குத்தான்.

அறைக்குத் திரும்பும் வண்டியில் ஹாரன் அடிக்கிறார்கள், போகிறேன். இன்று காலி வண்டியை விடும்போது சீட்டை முன்னால் இழுத்து வைத்துவிட்டுத்தான் இறங்கினேன். நாளை பழையவரே திரும்பி வந்தால் கால் எட்ட வேண்டுமே.

உன் வீட்டுக்காரன்