புள்ளிப் புத்தகம் செய்த வேலை

10.3.84, சனி
மழை. வீட்டுக்காரர் வெட்டிப் போட்ட செம்பனைக் குலையிலிருந்து உதிர்ந்த எண்ணெய்ப் பழம் பொறுக்கி முதுகு ஒடிந்துவிட்டது. நாளைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வருகிறார். வடக்கு சிலாங்கூர் தோட்டத் தமிழர்களின் இரத்தத்தையும் கண்ணையும் சோதிப்பார்களாம். வீட்டுக்காரருக்கு இரண்டு நாளாகச் சோறே இறங்கவில்லை. ஊசிக்கா இவ்வளவு பயம்?

11.3.84, ஞாயிறு


பள்ளிக்கூடத்தில் சோதனை. ஒரு புத்தகம், பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், அதற்குள் ஓர் எண். அதைச் சொல்லவேண்டும். இவர் வரிசையில் ஏழாவது ஆள். மடமடவென்று எல்லாம் சொல்லிவிட்டார். எங்கள் சந்திரிகா — எட்டு வயது — முதல் பக்கத்தோடு நின்றுவிட்டாள். "வெறும் புள்ளிதான் டாக்டர்." சிவப்பும் பச்சையும் பிள்ளைக்குப் பிரிந்து தெரியவில்லையாம்.

டாக்டரம்மா எக்ஸ் குரோமோசோம் என்று ஏதோ விளக்கினார். தோட்டத்து மருந்தக டிரெஸ்ஸர் ஆனந்தராஜா தமிழில் சொன்னார்: மகளுக்கு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று, பெண்பிள்ளைக்கு இந்தக் குறை இருந்தால் அப்பனுக்கும் கட்டாயம் இருக்கும். அதோடு விட்டாரா? "அப்ப தகப்பன் எப்பிடி எல்லாத்தையும் சரியா வாசிச்சவர்?"

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஐயோ, நான் என்ன பாவம் செய்தேன்! இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

12.3.84
குழாயடியில் பக்கத்து வீட்டுச் சின்னத்தாய்: "புள்ள யாரு சாடைன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்லா." குடத்தைத் தூக்கி அவள் மேல் போட்டிருப்பேன்.

13.3.84
"என்னய சந்தேகப்படுறீங்களா?" என்று இவரிடம் கேட்டேன். "இல்ல" என்றார். பிறகு ஏன் ஊர் வாயை அடைக்கவில்லை?

15.3.84, வியாழன்


மரத்தடியில் நின்று வழக்கம்போல, "வள்ளி, எந்தக் குலை?" என்றார். பத்து வருசமாக நான் காட்டும் குலையைத்தான் வெட்டுவார். என் கைராசி என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்திருக்கிறேன். இன்று திடீரென்று ஒரு சந்தேகம். பழுத்தால் சிவக்கும்; கன்னங்கரேலென்று இன்னும் பழுக்காமல் இருந்த குலையைக் காட்டி, "அது நல்லா பழுத்திருச்சு" என்றேன்.

வெட்டிவிட்டார்!

காய் பொத்தென்று விழுந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்து சொன்னார்: நிறம் தெரியாத வெட்டுக்காரர்களைக் கழிக்கக் கம்பெனிதான் ஆள் அனுப்பியது என்று நினைத்தாராம். முன்னால் நின்ற ஆறு பேர் சொன்னதைக் கேட்டு மனப்பாடம் செய்தாராம்.

"ஞாயித்துக்கெழமையே சொல்லியிருக்கலாம்ல?"

"வெட்டு வேல போயிரும் வள்ளி. நாலு நாள்ல பேச்சு அடங்கிரும்னு நெனச்சேன்."

அட பாவி மனுசா! வேலை பெரிசு. என் மானம்? பிள்ளைக்கு இனிமே என்ன பேரு?

18.3.84, ஞாயிறு
டாக்டரம்மா மறுபடியும் வந்தார். எல்லார் முன்னாலும் போய் நின்றேன். "இவருக்குப் புத்தகத்தப் பின்னாலேருந்து காட்டுங்க டாக்டர்."

டாக்டரம்மா கடைசிப் பக்கத்தை விரித்தார். இவர், "எனக்கு ஒண்ணும் தெரியலங்க. அன்னைக்குக் கேட்டு ஒப்பிச்சேன். சந்திரிகா எம்புள்ள" என்றார். எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஐயாவு சுவரோரம் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

21.3.84
இவரை உரம் போடும் கும்பலுக்கு மாற்றிவிட்டார்கள். சின்னத்தாய் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காப்பி கலக்கிக் கொடுத்து அனுப்பினேன்.

"அவகிட்ட பேசுற. எங்கிட்ட மட்டும் பேச மாட்டியா?" என்றார் இவர்.

"அன்னைக்கு அவளுக்கு உண்ம தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியும்."